படிவத்தில் இடமில்லாத அம்மா: வன்னி மாணவி ஒருவரின் ஆறு மாதத் தொழிற்பயிற்சி சொல்வது என்ன?

அரச சேவைகளை டிஜிட்டல் மயப்படுத்துவது பற்றி அரசாங்கம் தொடர்ந்து பேசி வருகின்றது. 2025 பெப்ரவரியில் ‘கவ்பே’ கொடுப்பனவுத் தளம் ஆரம்பித்து வைக்கப்பட்டது. இந்தியாவின் நிதியுதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் முன்னெடுக்கப்படுகின்றது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கிளைக்கு வராமலேயே கணக்குத் திறக்கலாம் என விளம்பரம் செய்கின்றன. இவை தொடர்பில் எம்மிடையே நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு விடயங்களைச் சுற்றியே அமைகின்றன. ஒன்று, எமது தரவுகள் யாருடைய கைக்குப் போகும் என்பது. மற்றையது, தமிழில் சேவை கிடைக்குமா என்பது. இரண்டும் நியாயமான கேள்விகளே.

ஆனால் இவற்றுக்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. இந்தப் படிவங்களை யார் எழுதுகிறார்கள்? எந்தக் கேள்வியைக் கட்டாயமாக்குவது, எந்தப் பதிலை ஏற்பது என்று தீர்மானிக்கப்படும் மேசையில் எமது பிள்ளைகள் எவராவது இருக்கிறார்களா?

முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் கொழும்பில் பெரிய மென்பொருள் நிறுவனமொன்றில் ஆறு மாதங்கள் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்பியிருக்கிறார். அவரது வேண்டுகோளின்படி அவருடைய பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கு தவிர்க்கப்படுகின்றன. அவர் சொன்னவற்றைக் கேட்டபோது அது ஒருவரின் அனுபவமாக மட்டும் தெரியவில்லை.

முதல் மாதம் என்ற சுவர்

கணினி சார்ந்த பட்டப்படிப்புகள் பலவற்றில் இறுதிக் கட்டத்தில் தொழிற்பயிற்சி ஒரு கட்டாயப் பகுதி. பல இடங்களில் அதன் காலம் ஆறு மாதம். பயிற்சி இடத்தைத் தேடிக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் மாணவரையே சேருகின்றது. இந்த மாணவி நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார். பதில் வந்தது மூன்றிலிருந்து. நேர்முகத் தேர்வு நிகழ்நிலையில் நடந்தது. வீட்டில் இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் என்பதால், உறவினர் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்து பதில் சொல்லியிருக்கிறார்.

இடம் கிடைத்ததும் வீட்டில் மகிழ்ச்சியோடு பயமும் வந்தது. தாய்க்கு கொழும்பு என்றால் நினைவில் இருப்பது 2007 ஜூன் மாதம். வெள்ளவத்தை போன்ற பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் ஓரிரவில் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். உயர்நீதிமன்றம் தலையிட்டே அது நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு காலம் மாறிவிட்டது என்பது மகளுக்குத் தெரியும். தாய்க்கும் தெரியும். இருந்தும் அறை தேடும்போது, “வீட்டுக்காரர் தமிழாக்களோ?” என்பதைத்தான் அவர் முதலில் கேட்டார்.

அடுத்தது பணம். பயிற்சிக்காலக் கொடுப்பனவு மாதம் 30,000 ரூபா. சம்பளமில்லாமல் வேலை வாங்கும் இடங்களோடு ஒப்பிட்டால் இது மோசமில்லை. ஆனால் அந்தப் பணம் மாத முடிவில்தான் வரும். வெள்ளவத்தையில் இன்னுமொரு பெண்ணோடு பகிர்ந்துகொண்ட அறைக்கு மாத வாடகை 14,000 ரூபா. இரண்டு மாத முற்பணம் 28,000 ரூபா. சாப்பாட்டுக்கு 15,000 ரூபா. அலுவலகத்துக்கு ஏற்ற உடுப்பு, சப்பாத்து, பயணம் என்று இன்னும் 8,000 ரூபா. முதற் கொடுப்பனவு கைக்கு வருவதற்கு முன்னரே 65,000 ரூபா தேவைப்பட்டது. தையல் வேலை செய்து குடும்பத்தைக் கொண்டுசெல்லும் தாய், தன்னிடம் மிஞ்சியிருந்த சங்கிலியை அடகு வைத்தார்.

அதன் பின்னரும் மாதச் செலவு 33,000 ரூபாவுக்குக் குறையவில்லை. துண்டு விழுந்த 3,000 ரூபாவை மகாபொல புலமைப்பரிசில் ஈடுசெய்தது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்தது அவருக்கு உதவியது.

அவருடன் படித்த மன்னார் மாவட்ட மாணவர் ஒருவருக்கும் கொழும்பில் இடம் கிடைத்திருந்தது. அவருடைய வீட்டில் அடகு வைக்க எதுவும் இருக்கவில்லை. ஊருக்கு அருகே ஒரு சிறிய அலுவலகத்தில், கணினியில் தரவு பதிவதையும் அச்சுப்பொறி திருத்துவதையும் ஆறு மாதம் செய்து பயிற்சியை முடித்தார். இருவருக்கும் பட்டச் சான்றிதழில் ஒரே பாடம்தான் பதியப்படும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இருவரும் ஒரே இடத்தில் நிற்கப்போவதில்லை.

பல்கலைக்கழக அனுமதியில் இந்த ஏற்றத்தாழ்வு கவனத்தில் எடுக்கப்படுகின்றது. திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாக 5 வீதம் என இடங்கள் பகிரப்படுகின்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகியன அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுக்குள் அடங்குகின்றன. உள்ளே வரும் வரைக்கும் அரசு கணக்குப் பார்க்கின்றது. படிப்பின் கடைசிப் படியில், வேலை உலகத்துக்குள் காலடி வைக்கும் இடத்தில், அந்தக் கணக்கு நின்றுவிடுகின்றது.

அலுவலகத்தில் கற்றவை

பயிற்சி பற்றிய அவருடைய மதிப்பீடு தெளிவானது. நான்கு வருடப் படிப்பில் கிடைக்காத பலவற்றை ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். பல்கலைக்கழகத்தில் ஒரு செயற்றிட்டம் என்றால் மூன்று நான்கு பேர் சேர்ந்து புதிதாக எழுதி, செய்து காட்டி, புள்ளி வாங்குவதோடு முடிந்துவிடும். நிறுவனத்தில் பல வருடங்களாகப் பலர் எழுதிய நிரலை முதலில் வாசித்து விளங்க வேண்டும். ஒரு வரியை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரே அது சேர்க்கப்படும். தினமும் காலை பதினைந்து நிமிடக் கூட்டம். நேற்றுச் செய்தது என்ன, இன்று செய்யப்போவது என்ன, எங்கே தடைப்பட்டு நிற்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு முதல் ஒரு மாதம் அவர் சொன்ன பதில் “தடை ஒன்றும் இல்லை” என்பதே. உண்மையில் தடை இருந்தது. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருந்தது. அலுவலகக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. கூட்டம் முடிந்ததும் பேச்சு சிங்களத்துக்கு மாறிவிடும். வேலையின் பாதி அந்தப் பேச்சில்தான் தீர்மானிக்கப்படும்.

“அங்க ஒருத்தரும் என்னைத் தள்ளி வைக்கேல்லை. நல்ல ஆக்கள். ஆனா அவையள் சிரிக்கேக்க ஏன் சிரிக்கினம் எண்டு எனக்கு விளங்காது. அது ஒவ்வொரு நாளும் நடக்கேக்க களைச்சுப் போவம்” என்கிறார் அவர்.

அவர் இணைக்கப்பட்டது ஒரு நிதி நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டுக்கொண்டிருந்த செயற்றிட்டத்தில். வாடிக்கையாளர் கைபேசியிலேயே கணக்குத் திறப்பதற்கான செயலி. அவருடைய வேலை பரிசோதனை. அதாவது படிவத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் சரியானதையும் பிழையானதையும் போட்டுப் பார்த்து வழுக்களைக் கண்டுபிடிப்பது.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் எவ்வளவு விடயம் இருக்கின்றது என்பதை அங்கேதான் அறிந்தார். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்றே கணக்கிடப்படுவதால், எந்த ஆண்டிலும் மார்ச் முதலாம் திகதி 61ஆவது நாள். கடைசி எழுத்து பெரும்பாலும் ‘வீ’, சிலருக்கு ‘எக்ஸ்’. 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் எழுத்து இல்லை. 12 இலக்கங்கள் உள்ளன. இவற்றில் ஒன்றை நிரல் எழுதியவர் மறந்தாலும் யாரோ ஒருவரின் உண்மையான அட்டை ‘பிழை’ என்று நிராகரிக்கப்படும்.

அவர் கண்டுபிடித்த முதல் வழுக்கள் தமிழோடு தொடர்புபட்டவை. ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளந்து வைத்த பொத்தான்களில் தமிழ்ச் சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டு நின்றன. குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்ட கட்டத்தில், தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்திருக்கும் தமிழர்கள் எதைப் போடுவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்து மீண்டும் எடுத்தவர்களின் பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் செயலி ஏற்காது. இவற்றை அவர் பதிவு செய்தார். திருத்தப்பட்டன. “தமிழ் தெரிஞ்ச ஒராள் இருந்தது நல்லதாப் போச்சு” என்று குழுவின் மூத்த பொறியியலாளர் சொன்னாராம். அதற்குப் பிறகுதான் காலைக் கூட்டத்தில் தன் குரல் கொஞ்சம் வெளியே வந்தது என்கிறார்.

நான்கு தெரிவுகள்

மூன்றாவது மாதம் அவர் இன்னொரு கட்டத்துக்கு வந்தார். திருமண நிலை. நான்கு தெரிவுகள் இருந்தன: திருமணமாகாதவர், திருமணமானவர், விவாகரத்துப் பெற்றவர், வாழ்க்கைத்துணையை இழந்தவர். திருமணமானவர் என்று தெரிவு செய்தால் துணைவரின் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் கட்டாயம். துணையை இழந்தவர் என்றால் மரணச் சான்றிதழின் படம் கட்டாயம்.

பரிசோதனைக்காக யாருடையதாவது விபரங்களை மனதில் வைத்து நிரப்புவது வழக்கம். அன்று அவர் தாயை நினைத்து நிரப்பினார். படிவம் முன்னே நகரவில்லை.

அவருடைய தந்தை 2009 மே மாதம் வட்டுவாகல் பகுதியில் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் சென்ற பின்னர் பிரித்து எடுக்கப்பட்டவர். அப்போது மாணவிக்கு ஏழு வயது. தாயும் மகளும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தந்தை பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

அன்றிரவு தாயிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறார், வங்கியில் படிவம் நிரப்பும்போது என்ன போடுவீர்கள் என்று. தாய் சொன்னது: “முந்தி கலியாணம் செய்தது எண்டு போட்டன். அப்ப அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டிச்சினம். பிறகு அந்தப் பிள்ளை, விதவை எண்டு போடுங்கோ அன்ரி, லேசா முடிஞ்சிடும் எண்டு சொல்லிச்சுது. நான் போடேல்லை. படிவத்தைத் திருப்பிக் குடுத்திட்டு வந்திட்டன்.”

இவ்வளவு காலமும் அம்மம்மாவின் பெயரில் உள்ள கணக்கிலேயே குடும்பத்தின் பணம் வந்துபோகின்றது என்பது மகளுக்குத் தெரியும். அதற்குக் காரணம் இது என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்த விடயத்தை அவர் உடனே பதிவு செய்யவில்லை. இரண்டு வாரம் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். பொத்தானில் எழுத்து வெட்டுப்படுவதைச் சொல்வது வேறு. இதைச் சொன்னால் தான் யார், எங்கிருந்து வந்தவள், தந்தைக்கு என்ன நடந்தது என்ற கேள்விகள் வரும். தாயும், “ஏன் பிள்ளை உனக்கு உந்தப் பிரச்சினை? போன அலுவலைப் பாத்திட்டு வா” என்றார்.

கடைசியில் பதிவு செய்தார். மூத்த பொறியியலாளர் அருகில் வந்து கேட்ட கேள்வி, “நங்கி, இப்பிடி எத்தினை பேர் இருப்பினம்? மிகவும் அபூர்வமான நிலைதானே?” என்பது. கேள்வியில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. மென்பொருள் வேலையில் எல்லா வழுவுக்கும் கேட்கப்படும் கேள்விதான் அது. பாதிக்கப்படுவோரின் எண்ணிக்கையைப் பொறுத்தே முன்னுரிமை தீர்மானிக்கப்படும்.

மாணவி பதிலைத் தேடி எழுதினார். காணாமற்போனோர் தொடர்பான பரணகம ஆணைக்குழுவுக்கு 20,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் கிடைத்தன. அவற்றில் சுமார் 5,000 காணாமற்போன படையினரின் குடும்பங்களிடமிருந்து வந்தவை. மரணப் பதிவு தொடர்பான சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று அறிமுகப்படுத்தப்பட்டது. அதாவது இந்த நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்ட ஒரு நிலை, இந்தப் படிவத்தில் இல்லை.

அந்தச் சான்றிதழையும் வாங்காத குடும்பங்கள் வடக்குக் கிழக்கில் ஏராளம். அதை ஏற்றால் தேடல் முடிந்துவிட்டது என்று கோப்பு மூடப்படும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் தொடர் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்த அச்சத்தை விளக்கத் தேவையில்லை. ஆகவே அந்தச் சான்றிதழைக் கட்டாயமாக்கினாலும் பிரச்சினை தீராது என்பதையும் அவர் குறிப்பிட்டார்.

குழுக் கூட்டத்தில் இந்த விடயத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கப்பட்டது. அவர் பேசினார். யாரும் குறுக்கிடவில்லை. விடயம் நிதி நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. ஒப்பந்தத்தில் இல்லாத தேவை என்பதால் அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. தற்காலிகமாக ‘வேறு’ என்ற ஐந்தாவது தெரிவு சேர்க்கப்பட்டது. அதைத் தெரிவு செய்தால் சான்றிதழ் கேட்காமல் விண்ணப்பம் கிளை உத்தியோகத்தருக்குப் போகும்.

“முழுசாத் தீரேல்லை. கிளைக்குப் போய் அம்மா திரும்பவும் கதை சொல்லத்தான் வேணும். ஆனா செயலி அம்மாவிட்டை மரணச் சான்றிதழ் கேக்காது” என்கிறார் மாணவி. செயலி வெளிவருவதற்கு முன்னரே அவருடைய பயிற்சிக்காலம் முடிந்துவிட்டது.

படிவம் யாருக்காக எழுதப்படுகின்றது

இந்தச் சம்பவத்தில் குற்றவாளி என்று யாரையும் காட்ட முடியாது. நான்கு தெரிவுகளையும் எழுதியவர் தமிழர்களை ஒதுக்க நினைத்து எழுதவில்லை. தனக்குத் தெரிந்த குடும்பங்களை நினைத்து எழுதினார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் ஒருவர் உயிரோடு இருப்பார், அல்லது இறந்திருப்பார். மூன்றாவது நிலையொன்று பதினாறு வருடங்களாகத் தொடரலாம் என்பது அந்த மேசையில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவரும் சம்பளப் பட்டியலின் அடியில் இருந்த பயிலுனர்.

காகிதப் படிவத்தில் இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதலாம். கிராம அலுவலரின் கடிதத்தை இணைக்கலாம். மனிதாபிமானமுள்ள உத்தியோகத்தர் ஒருவர் ஒரு வழியைக் காட்டுவார். கணினிப் படிவத்துக்கு ஓரம் கிடையாது. கட்டாயக் கட்டம் நிரம்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஓய்வூதியம், நிவாரணம், காணி, கடன் என்று ஒவ்வொன்றாக நிகழ்நிலைக்கு மாறும்போது, போர் எமது குடும்பங்களில் ஏற்படுத்திய விசித்திரமான நிலைகள் எல்லாம் ‘பிழையான உள்ளீடு’ ஆகும் ஆபத்து இருக்கின்றது. கைவிரல்களை இழந்தவரிடம் கைரேகை கேட்கப்படும். இல்லாமற்போன வீட்டு இலக்கம் நிரந்தர முகவரியாகக் கேட்கப்படும்.

இவற்றை வெளியே இருந்து அறிக்கை விட்டுத் திருத்துவது கடினம். படிவம் வெளிவந்த பின்னர் மாற்றுவதற்குப் பணமும் காலமும் அதிகம் தேவை. எழுதப்படும் நேரத்தில் அருகில் இருப்பவர் சொன்னால் பத்து நிமிடக் கூட்டம் போதும். தொழிற்பயிற்சியை ஒரு மாணவரின் தனிப்பட்ட முன்னேற்றமாக மட்டும் பார்க்க முடியாது என்பதற்குக் காரணம் இதுவே.

எங்களால் செய்யக்கூடியவை

கொழும்புக்குப் போகாமல் யாழ்ப்பாணத்திலேயே வாய்ப்புகளை உருவாக்க வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மென்பொருள் நிறுவனங்கள் இயங்குகின்றன. யாழ் ஐ.ரி. ஹப் போன்ற முயற்சிகள் பல இளைஞர்களுக்கு வழிகாட்டியிருக்கின்றன. அவை வளர வேண்டும். எனினும் நாடு முழுவதும் பயன்படுத்தப்படும் பெரிய முறைமைகள் இப்போதைக்குக் கொழும்பின் அலுவலகங்களிலேயே உருவாகின்றன. அங்கே எம்மவர் இல்லாதிருப்பதன் விலையை ஊரில் இருப்பவர்களே கொடுக்கிறார்கள்.

முதலாவது, பணம். இங்கே தேவைப்படுவது பெரிய நன்கொடை அல்ல. தடையாக இருப்பது முதல் மாதம். 65,000 ரூபாவை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தால், முற்பணம் திரும்பக் கிடைத்ததும், வேலை கிடைத்ததும் அதைத் திருப்பிச் செலுத்த முடியும். அதே பணம் அடுத்த வருடம் இன்னொரு மாணவருக்குப் போகும். புலம்பெயர் நாடுகளில் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலை வளைவுகளுக்கும் மண்டபங்களுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பகுதி, இப்படியொரு சுழற்சி நிதிக்குப் போதும். அந்த மன்னார் மாணவரைத் தடுத்து நிறுத்தியது இந்தத் தொகைதான்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கின்றது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகின்றது. பயிற்சி இடம் தேடுவதை மாணவரின் தலையில் விட்டுவிடாமல், நிறுவனங்களோடு உடன்பாடு செய்து வருடந்தோறும் குறிப்பிட்ட இடங்களைப் பெறுவது நிர்வாகங்களின் கடமை. கொடுப்பனவின் ஒரு பகுதியை முற்கூட்டியே வழங்குவதும், சில வாரங்கள் ஊரிலிருந்து வேலை செய்ய அனுமதிப்பதும் அந்த உடன்பாட்டில் இடம்பெறலாம். கொரோனா காலத்தில் தகவல் தொழில்நுட்பத் துறை வீடுகளிலிருந்து இயங்கியதை எல்லோரும் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது, மொழி. பேச்சுச் சிங்களமும் தயக்கமின்றிப் பேசும் ஆங்கிலமும் பயிற்சிக்குப் போவதற்கு முன்னர் கிடைக்க வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்பதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘தடை ஒன்றும் இல்லை’ என்று ஒரு மாதம் பொய் சொல்ல நேர்ந்த பிள்ளைக்கு அந்த அரசியலமைப்பு வாசகம் உதவவில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பின்னர் தொடக்கநிலை வேலைகள் குறைந்துவிடும் என்ற பயம் மாணவர்களிடையே பரவியிருக்கின்றது. பரிசோதனை வேலையே முதலில் போகும் என்கிறார்கள். அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த மாணவி கண்டுபிடித்த வழுவை, நான்கு தெரிவுகளையும் சரியானவை என்று கற்றுக்கொண்ட எந்தக் கருவியும் தானாகக் கண்டுபிடித்திராது.

மாணவி இப்போது இறுதி ஆண்டு ஆய்வில் இருக்கிறார். பயிற்சி பெற்ற நிறுவனமே பட்டம் முடிந்ததும் விண்ணப்பிக்கும்படி கூறியிருக்கின்றது. அடகு வைத்த சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. வேலை கிடைத்தால் முதற் சம்பளத்தில் அதை மீட்கப்போவதாகச் சொல்கிறார். தாய் வேறொன்று சொன்னார்.

“சங்கிலி கிடக்கட்டும். என்ரை பேரில ஒரு கணக்குத் திறக்கேலுமெண்டால் அது காணும்.”